எட்டுச் சுற்று

எட்டுச் சுற்று என்றார் டாக்டர்.
மாத்திரையைக் கூட்டவா, நடையைக் கூட்டவா,
நீங்களே சொல்லுங்கம்மா என்றார்.

ஆற்றுக்கு வடக்கே
வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு
மாநகராட்சி கம்பிக்கதவு போட்டு
பென்குவின் குப்பைத்தொட்டி இரண்டு வைத்து
பூங்கா என்று எழுதியிருக்கிறது.
அடியில் சின்ன எழுத்தில்:
பூப் பறிக்காதீர்.
கல்லறை மேல் துணி காயப்போடாதீர்.

ஐந்தரைக்கு சந்தியாகு பூட்டைத் திறக்கும்போது
நூற்றி நாற்பது பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள்.
காலரா வருடத்துக்காரர்கள் ஒரே வரிசையில்,
ரேஷன் கடையில் நிற்பது போல நெருக்கி.
தூண் மண்டபம் கட்டிக்கொண்ட துரை ஒருவரின் தலைமாட்டில்
மஞ்சளும் பச்சையுமாக உடற்பயிற்சிக் கருவி.
அதில் கால் வீசுகிறார் பாத்திரக்கடை நாகேந்திரன்.
எண்ணெய் காணாத இரும்பு
வீச்சுக்கு வீச்சு கத்துகிறது,
துரை ஒன்றும் சொல்வதில்லை.
வேப்பமரத்தடியில் மில் ஓய்வூதியர்கள் ஏழு பேர்
கை தூக்கி, வானம் பார்த்து,
ஹா ஹா ஹா என்று
முறைப்படி சிரிக்கிறார்கள்.

எனக்குச் சுற்றுக் கணக்கு நிற்காது.
மூன்றா நான்கா என்பதற்குள்
கேஸை அணைத்தேனா என்று வந்துவிடும்.
அதனால் முந்தானையில் எட்டுப் புளியங்கொட்டை.
சுற்றுக்கு ஒன்றாக
கிழக்கு மூலையில் முழங்கால் உயரக் கல் ஒன்றின் மேல் வைப்பேன்.
குனிய வேண்டாம், கைக்கு எட்டும்,
அவ்வளவுதான்.
ஏழு மாதம் வைத்தேன்.

பேச்சி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்.
ஹாஸ்டலில் கரண்ட் போனால்
இங்கே ஒரு மேஜரின் மேல் சம்மணமிட்டு
குரூப் ஃபோருக்குப் படிப்பாள்.
அவள்தான் ஒருநாள் பாசியை நகத்தால் சுரண்டி
வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தாள்.
"லெப்டினன்ட் ஹார்கோர்ட்டோட பையன்க்கா.
மூணு நாள்.
பேரு போடல.
வைக்கிறதுக்குள்ள போயிருச்சு போல."

நாங்கள் பதினாறாம் நாள் வைப்பதாக இருந்தோம்.
பெரியாஸ்பத்திரி, எண்பத்தொன்பது, ஐப்பசி மழை.
பூப்போட்ட துண்டில் சுற்றி
கொழுந்தனார் வாங்கிக்கொண்டு போனார்.
ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை,
கை கழுவித் திரும்பி வந்து
காப்பி குடித்தார்.
எங்கே என்றேன்.
ஆத்தோரமா என்றார்.
எந்தக் கரை என்று கேட்கவில்லை.
இரண்டு கரையிலும் இப்போது ரோடு.
ஆட்டோவில் அந்த வழி போனால்
கால்களைக் கொஞ்சம்
தூக்கி வைத்துக்கொள்வேன்.

பேச்சியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
வைகைத் திட்டம் எந்த வருடம் என்று
அவள் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேறு கல் பார்த்திருக்கலாம்.
அதிலேயேதான் வைத்தேன்.
வைக்கும்போது சத்தம் கேட்காமல் வைத்தேன்,
அது ஒன்றுதான் மாறியது.

ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வருவார்கள்.
அவர்களுக்கு அந்தக் கல்தான் ஸ்டம்ப்.
சந்தியாகு விரட்டி விரட்டி ஓய்ந்துவிட்டார்.
அன்று நான் தென்மேற்கு வளைவில் வரும்போது
பந்து நேராகப் போய்
கல்லில் டொக்கென்று விழுந்தது.
கொட்டைகள் சிதறின.
பதினோரு தொண்டையும் ஒன்றாக,
அவுட்டு!
மூன்று நாள் ஆடியவனை
ஞாயிறுதோறும் அவுட் ஆக்குகிறார்கள்.
அவன் பக்கத்திலிருந்து
ஒருமுறைகூட ஆட்சேபம் வந்ததில்லை.

பல்லுக்குக் கம்பி போட்ட பையன் ஒருவன்
புல்லில் தவழ்ந்து பொறுக்கிவந்தான்.
"எத்தனை இருந்துச்சு ஆன்ட்டி?
ரெண்டுதான் கிடைச்சுது."
நினைவில்லைடா என்றேன்.

"தேடி எடுத்துருங்கம்மா" என்றார் சந்தியாகு.
"மழை விழுந்தா முளைச்சுரும்.
அப்புறம் நான்தான் பிடுங்கணும்."

சரி என்றேன்.
தேடவில்லை.
எட்டில் எத்தனை முடித்தேன் என்று தெரியாமல்
முதல் சுற்றிலிருந்து
திரும்ப நடந்தேன்.