இன்று சௌனா இல்லை

டர்போவைப் பொருத்தியது நான்தான்.
யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.
பள்ளத்தில் கவிழ்ந்த மர லாரி ஒன்றின்
நெஞ்சிலிருந்து கழற்றியது,
நான்கு புகைபோட்ட விலாங்குக்கு வாங்கியது.

ஹியூமா தீவின் வடகரையில்
பனி தள்ளும் ஒப்பந்தம் எனக்கு.
தேவாலயம் முதல் படகுத்துறை வரை
பதினொரு கிலோமீட்டர்,
ஆறரைக்கு முதல் கப்பல்.
என் பெலாரஸ் டிராக்டர் என்னைவிட இரண்டு வயது மூத்தது.
வேகம் போதவில்லை என்று நினைத்தேன், அவ்வளவுதான்,
வேறு பேராசை இல்லை.
சரி, கொஞ்சம் இருந்தது.

மூன்று வாரம் பறந்தது.
ஹெல்வி வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன,
அவள் நாய் என்னைக் கண்டால் வாலாட்டுவதை நிறுத்தியது.
நான்காம் வாரம், மைனஸ் பத்தொன்பதில்,
இன்ஜின் மூடிக்குள் யாரோ
உச்சுக்கொட்டினார்கள்.
ச்சு. ச்சு. ச்சு.

புகைக்குழாயின் வார்ப்பிரும்பில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து
மகனின் பள்ளிப் பையிலிருந்து எடுத்த சாக்பீஸைத் தேய்த்தேன்.
வெள்ளையின் மேல் மெல்ல ஊறி வந்தது
ஒரு கறுப்புக் கோடு,
இரண்டாம் வாய்க்கும் மூன்றாம் வாய்க்கும் நடுவே,
எழுதத் தெரியாதவர் போட்ட கையெழுத்து மாதிரி.

முதலில் பசை.
எஃகைவிட உறுதி என்று டப்பாவில் இருந்தது.
டப்பாவில் என்னதான் எழுதமாட்டார்கள்.
படகுத்துறை வருமுன் அது ரோட்டில் கிடந்தது.

பிறகு, ராத்திரியோடு ராத்திரியாக,
குளிர்ந்த இரும்பிலேயே பற்றவைத்தேன்.
அழகாகத்தான் வந்தது.
கையுறையைக் கழற்றும்போது
டிங்
என்றது, கோப்பையில் கரண்டி பட்டதுபோல
மரியாதையான ஒரு சத்தம்.
பற்றுக்குப் பக்கத்திலேயே, அதற்கு இணையாக,
புதிதாக ஒன்று.

படகுப் பட்டறை ஏரிகா வந்தாள்.
விரிசலை அவள் பார்க்கவே இல்லை.
தொங்கும் டர்போவைப் பார்த்தாள்.
"இதை எது தாங்குது?"
"நாலு போல்ட்டு."
"அந்த நாலை?"
நான் பேசவில்லை.
கீழே கை கொடுத்து அதை ஒரு விரற்கடை தூக்கினாள்.
உச்சு நின்றது.

அன்று சனிக்கிழமை.
ராய்வோ கதவில் எழுதி ஒட்டினான்:
இன்று சௌனா இல்லை, டிராக்டர் குளிக்கிறது.

கற்களை அகற்றிவிட்டு அடுப்பில் பூர்ச்ச விறகை அடுக்கினோம்.
விரிசலின் இரு முனையிலும் ஏரிகா ஒவ்வொரு துளை போட்டாள்,
ஓடுகிற ஓட்டம் அங்கே
வட்டத்தில் விழுந்து வழி மறக்கட்டும் என்று.
இரும்பு மங்கிய சிவப்புக்கு வந்ததும்
ஒரு விரல் நீளம் அவள் பற்றவைப்பாள்,
நான் சின்னச் சுத்தியால் தட்டுவேன்,
ஆறிச் சுருங்கும் முன்,
சுருங்கிப் பக்கத்தை இழுத்துக் கிழிக்கும் முன்,
தட்டித் தட்டி நீட்டுவேன்.
மறுபடி அடுப்பு. மறுபடி ஒரு விரல்.
எங்களுக்குள் பேச்சே இல்லை.
ஒருமுறை மட்டும், "மெதுவா, அதுக்கு அவசரமில்லை" என்றாள்.

துத்தநாகத் தொட்டியில் சாம்பல் கொட்டிப்
புதைத்தோம்.
துண்டோடும் இலைக்கொத்தோடும் வந்தவர்கள்
கதவுச் சீட்டைப் படித்தும் திரும்பவில்லை.
கோட்டைக் கழற்றாமல் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து
சாம்பலின் மேல் கை நீட்டினார்கள்.
ஹெல்வி பீர் கொண்டுவந்தாள். நாயும் வந்தது.
அந்த ராத்திரி என் ரோட்டைத் தள்ளியது
தென்கரை ஹெய்க்கி, தன் கிழட்டு வேகத்தில்.
கப்பல் எட்டு நிமிடம் தாமதமாம்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
எனக்கு அதுதான் சுருக்கென்றது.

இரண்டு மணிக்கு எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் சூடு.

பழைய இரும்புக் கட்டிலின் ஒரு காலை அறுத்து
டர்போவுக்கு முட்டுக் கொடுத்தேன்.
"அதைக் கழற்றித் தூரப்போடு" என்றான் ராய்வோ.
கழற்றவில்லை.
கட்டில் இப்போது மூன்று காலோடு
கொட்டகையில் சாய்ந்து நிற்கிறது.

திங்கள் காலை,
மண்ணெண்ணெய். சாக்பீஸ்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
பத்து நிமிடம் நின்று பார்த்தேன்,
பிறகு இன்னொரு பத்து.

சாக்பீஸை மகனிடம்
திருப்பிக் கொடுக்கவில்லை.