பதினைஞ்சாயிரம் ஓம்

மாங்குளம் சந்தி. ரயர்க் கடைக்கும்
கோழிக் கடைக்கும் நடுவில என்ர மேசை.
வாறவை முதல் கேக்கிறது
"கடைக்காரர் இல்லையோ?"
ரெண்டு ஸ்குரூவைப் பல்லுக்குள்ள கடிச்சபடி
என்னையே கை காட்டுவன்.

மோட்டச்சைக்கிளில, பின்னுக்குச் சாரத்தால கட்டி
ஜெனோசன் கொண்டுவந்தான்.
ஸ்காபரோவில ஆருக்கோ அலுத்துப்போய்
கப்பலில ஏறின கிற்றார் பெட்டி.
"வொலியூம் கரகரக்குது அக்கா,
மழைக்குள்ள றேடியோ திருகின மாதிரி.
நாளைக்கு மல்லாவியில புரோகிராம்.
ஏழுக்குக் கீழ நான் வாசிக்கிறேல்லை,
தெரியும்தானே எங்கட அடி."

தெரியும் எண்டன்.

பிளக்கைக் கழட்டினாலும் உள்ளுக்க கரண்ட்
கொஞ்ச நேரம் முழிச்சுக்கொண்டு கிடக்கும்.
அது அடங்குமட்டும் தேத்தண்ணி.
பிறகு, குமிழுக்கு அடியில சப்பாத்து நூலை விட்டு
ரெண்டு பக்கமும் இழுக்க, கழண்டு வந்தது.
மூண்டு கால். மூண்டையும் சூடாக்கி
பழைய ஈயத்தை உறிஞ்சி
ஆடுற பல்லைப் போல அசைச்சு எடுத்தன்.

எறியிற சாமான்தான்.
எறியமுன்னம் திறந்து பாக்கிறது என்ர வியாதி.
தகர மூடியின்ர நாலு நகத்தையும் குறட்டால நிமித்த
உள்ளுக்க லாடம் மாதிரி ஒரு கரி வளையம்,
அதில ஊருற சின்னப் பித்தளை நாக்கு.
ஆள் எங்க கூட நிண்டானோ
அங்கதான் கரி தேயும்.

ஏழில ஒரு கீறலும் இல்லை.
ஐஞ்சு, கடையில வாங்கின அண்டைய கறுப்பு.
ஒண்டுக்கும் ரெண்டுக்கும் இடையில மட்டும்
கரி போய் அடித்தட்டு வெளுத்திருந்தது,
ஒரு அரிசி நீளம்.

ராவில, கதவைச் சாத்தி,
அடுத்த அறையில ஆரும் திடுக்கிட்டு எழும்பாம,
எத்தினை வருசம்
அந்த அரிசிக்குள்ள இருந்து வாசிச்சானோ.
ஆருக்காக எண்டு நான் கேக்கேல்லை.
கோயில் வெடிக்கு முன்னமே
யன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்திற வீடுகள்
இஞ்ச கனக்க இருக்கு.
என்ரயும் ஒண்டு.

லாச்சியில கிடந்தது 'பி' வகைதான்.
'ஏ' வகை வவுனியாவில இருந்து
திங்கள்தான் பஸ்ஸில வரும்.
'பி' கணக்கில நேர்மையான சாமான்,
ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு ஏறும்.
காது அப்பிடி எண்ணுறேல்லை.
அதுக்கு, தொட்டவுடன சத்தம் பாய்ஞ்சு வந்து
முழு வீட்டையும் நிமித்திப்போடும்;
மிச்சத் திருகலுக்கு வேலையே இல்லை.
மல்லாவிக்கு அது காணும்.
ஏழில நிக்கிறவனுக்கு ஏ என்ன, பி என்ன.

அரிசிக்குக் காணாது.

செத்த ரீவி ஒண்டின்ர பலகையைப் பிரட்டி
மண்ணிறம், பச்சை, செம்மஞ்சள்,
நுனியில பொன் கோடு போட்ட ஒரு ரெசிஸ்ரர் கண்டன்.
நடுக் காலுக்கும் எர்த்துக்கும் குறுக்கால
அதை வைச்சு ஒட்டினன்.
ஈயம் மினுங்கி, பிறகு மங்கி இறுகிச்சுது.
நேர்கோடு வயிறு தொங்கி வளைஞ்சிருக்கும்.
கண்ணுக்குத் தெரியாது.
தண்டு நீளம் கூட; அரத்தாளால அறுத்து
பழைய குமிழையே மாட்டினன்.

பின்னேரம் வந்தான்.
நேர ஏழுக்குத் திருகி ஒரு அடி.
கூட்டுக்குள்ள கோழியெல்லாம் செட்டையடிக்க
ரயர்க் கடைப் பெடியன் விசிலடிச்சான்.
"சுப்பர் அக்கா."

நான் சில்லறை எண்ணுற மாதிரி குனிஞ்சிருந்தன்.
மெல்லமா பின்னுக்குத் திருப்பினான்.
மூண்டு. ரெண்டு. இன்னும் கொஞ்சம்.
காத்தடிக்கிற மெசின் நிக்கட்டும் எண்டு பாத்திருந்து
ஒரு கம்பியை நகத்தால தட்டினான்,
காதைப் பெட்டியில வைச்சு.
எனக்குக் கேக்கேல்லை.
கனநேரம் அவன் காதை எடுக்கேல்லை.

"அக்கா, வேற என்னவும் போட்டனீங்களோ?"
"ஓம்."
"எவ்வளவு?"
"பதினைஞ்சாயிரம்."

அவன்ர முகம் போன போக்கைப் பாத்து
வாயில இருந்த ஸ்குரூ ரெண்டும் விழுந்து உருண்டிச்சு.
எண்ணூற்றைம்பது எழுதின சிட்டையை நீட்டிப்போட்டு
மேசைக்குக் கீழ தேடத் தொடங்கினன்.
ஒண்டுதான் கிடைச்சது.