இரண்டு பக்கம்

தேவனாம்பட்டினம் கடற்கரை.
நோட்டின் நடுவே ஒரு கோடு போட்டோம்:
இந்தப் பக்கம் உயிருள்ளவை,
அந்தப் பக்கம் உயிரற்றவை.

படகை எங்கே எழுத?
டீசல் குடிக்கிறது, உறுமுகிறது,
புகையாய் மூச்சு விடுகிறது, ஓடுகிறது.
"குட்டி போடுமா?" என்றாள் ஷமீலா.
தேசிங்கு யோசித்தான்.
அவன் வீட்டுப் படகுக்கு ஒன்பது வயது,
இன்னும் போடவில்லை.
அந்தப் பக்கம்.

அடப்பங்கொடி நகரவே இல்லை.
ஆனால் போன வாரம்
நங்கூரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்ற நுனி
இன்று அதன் துருவில் ஏறியிருக்கிறது,
பக்கத்தில் ஊதாப் பூ வேறு.
யாரும் பார்க்காதபோது நடக்கும் போல.
இந்தப் பக்கம்.

கருவாட்டுக்குச் சண்டை வந்தது.
கல் ஒருநாளும் சாகாது,
கருவாடு செத்தது,
இரண்டும் எப்படி ஒன்றாகும் என்றேன்.
பதில் வரவில்லை. காக்கா வந்தது.

கடைசியில் ஒரு காலிச் சங்கு.
அந்தப் பக்கத்தில் வைத்து
சுற்றி பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன்.
பாதி வட்டத்தில் இரண்டு கண், ஒரு கொடுக்கு.
சங்கைத் தூக்கிக்கொண்டு
கோட்டைத் தாண்டி
இந்தப் பக்கம் வந்தது நண்டு.

"வீடு அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம்,"
என்றாள் ஷமீலா.
தேசிங்கு குனிந்தான்.
சட்டென்று மறுபடி
சங்கு மட்டும்.