நாற்பத்து மூன்று நிமிடச் சாலை

ஹெல்சிங்கியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
கருத்துக் கணிப்பாம்.
"முழு ஆல்பமும் கேட்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்."
என் வாய் நிறைய ரொட்டி.
மென்று முடிக்கும்வரை காத்திருந்தாள், நல்ல பெண்.

நான் பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறவள்.
மூன்றரைக்கு டிப்போவில் கிளம்பினால்
ஹிர்விவாராவுக்குப் பால் வண்டி வருமுன்
இருபத்தெட்டுக் கிலோமீட்டருக்கும்
அடியில் சாலை இருக்கிறதென்று காட்டியாக வேண்டும்.

எனக்கு முன்னால் இதை ஓட்டியவர்
ஒரு சி.டி.யை உள்ளேயே விட்டுப் போயிருந்தார்.
வெளியே எடுக்கும் பொத்தான் உடைசல்.
ஆக, ரசனை என்று பீற்றிக்கொள்ள ஏதுமில்லை:
பதினோரு குளிர்காலம், ஒரே ஆல்பம்.
ஔலு ஊர்க்காரர்கள் நாலு பேர்.
இது ஒன்றைச் செய்துவிட்டுப் பிரிந்துவிட்டார்களாம்.
சண்டையாகத்தான் இருக்கும்.
நாற்பத்து மூன்று நிமிடம்.
என் சாலையும் அவ்வளவே.

முதல் பாட்டு முடிய மர ஆலை வந்துவிடும்.
மூன்றாவது எல்லாருக்கும் தெரிந்தது,
கல்யாணத்தில் போடுவார்கள்;
ஏரிக்கரையில் அதோடு சேர்ந்து நானும் கத்துவேன்.
ஏழாவதுதான் சகிக்காது.
ஆறு நிமிடம் ஓர் ஆர்மோனியம் மூச்சு வாங்கும்,
நடுவே ஒருவன் எதையோ வாசிப்பான்,
பாடக்கூட மாட்டான்.
தாண்டிவிடலாம்தான்.
ஆனால் அது வரும் இடம் இரட்டை வளைவு,
ஸ்டியரிங்குக்கு ஒரு கை, கலப்பைக்கு ஒரு கை.
பொத்தானுக்கு மூன்றாவது கை இல்லாததால் கேட்டேன்.

நான்காம் வருடம், ஏதோ ஒரு ஜனவரி,
அவன் வாசிப்பது என்னவென்று காதில் விழுந்தது.
கடலோர நிலையங்களின் பெயர்.
காற்றின் வேகம். அலையின் உயரம்.
பிறகு எட்டாவது பாட்டில் அவள்
"விளக்கை அணைக்கவில்லை" என்று தொடங்கியபோது
அட, யாரோ கடலில் இருக்கிறார்கள்
என்று லாரிக்குள் வாய்விட்டுச் சொன்னேன்.

அந்த எட்டாவதை ரேடியோவில் தனியாகவும் கேட்டிருக்கிறேன்.
அதில் கடலில் ஒருவருமில்லை.
விளக்கு மட்டும் எரிகிறது.
மின்கட்டணம் யார் கட்டுவது?

பக்கத்துச் சாலைக்காரன் தாய்ஸ்தோ
இரவுக்கு அறுபது பாட்டுக் கேட்பான்,
அறுபது பேர், முப்பது மொழி.
"நுனிப்புல் மேய்கிறாய்" என்றேன்.
"பனிமானும் ஓரிடத்தில் நின்று தின்பதில்லை" என்றான்.
அதுவும் உண்மைதான்.
அவன் போட்டுக் காட்டிய மங்கோலியாக்காரியின் குரல்
இரண்டு நாள் என் தோளில் உட்கார்ந்திருந்தது.
அவளுக்கு வேறு பாட்டு உண்டா என்று
அவனும் தேடவில்லை, நானும் தேடவில்லை.

போன இலையுதிர்காலம்
சதுப்பின் குறுக்கே புதுச்சாலை போட்டார்கள்.
இரட்டை வளைவு ஒழிந்தது.
நாலு கிலோமீட்டர் மிச்சம் என்றார் பொறியாளர்,
ஏதோ எனக்குப் பரிசு கொடுப்பதுபோல.

இப்போது ஏழாவது வரும்போது சாலை நேராக ஓடுகிறது.
ஒரு கை சும்மாவே இருக்கிறது.
அதற்கும் பொத்தானுக்கும் ஒரு சாண்.
கை தொடையில் தாளம் போடப் பார்க்கிறது,
அந்தப் பாட்டில் தாளமே கிடையாது.

ஹிர்விவாராவில் கலப்பையைத் தூக்கும்போது
ஒரு பாட்டு மீதம்.
பால் பண்ணை முற்றத்தில் லாரியை நிறுத்திவிட்டு
ஆறு நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன்.
கடைசியில் பாடுகிறவள் நிறுத்திவிடுவாள்,
நாற்காலி நகரும், யாரோ கதவைத் திறப்பார்கள்.
பால் வண்டிக்காரன் விளக்கடித்துப் பார்க்கிறான்.
தாமதப் படிவத்தில் காரணம் கேட்கிறார்கள்.
"பனி" என்று எழுதுகிறேன்.

"நான்கு" என்றேன் அந்தப் பெண்ணிடம்.
ஏன் ஐந்து இல்லை என்று படிவத்தில் கேள்வியில்லை போலும்.
இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்:
திரும்பி வரும்போது, வெறும் சாலையில்,
அந்தக் கல்யாணப் பாட்டை மட்டும்
மூன்று தடவை போடுவேன்.

"அடுத்தது, உங்கள் வயது" என்றாள்.