பொழுது சாயட்டும்

நாரின் கணவாய்க்குக் கீழே
மறுபடி வெடித்தது உவாஸ் ஜீப்.
சரிவில் ஆடுகள் சிதறின.

கார்புரேட்டரைக் கழுவியாயிற்று,
பிளக் நான்கும் புதுசு,
வயர் வரிசை ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று
என்று ஏர்மெக் சத்தியம் செய்தான்.
வண்டியோ ஒரு சிலிண்டரை விழுங்கிவிட்டுத்
திக்கித் திக்கிப் பேசியது.

சைகால் ரொட்டி பிய்த்துத் தின்றாள்.
இருட்டியதும்
டார்ச்சை அணைக்கச் சொன்னாள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில்
மயிரிழை விரிசல்.
அதன் வழியே நீலப் பொறியொன்று
தன் வீட்டுக்குப் போகாமல்
பக்கத்து வீட்டுக் கதவைத்
தட்டிக்கொண்டிருந்தது.

"உன் வயர்மேல் பழியில்லை."

புது மூடிக்கு எண்பது கிலோமீட்டர் போகவேண்டும்.
கத்தியால் கரியைச் சுரண்டினாள்.
பையைத் துழாவி
நகப்பூச்சுக் குப்பியைத் திறந்தாள்.
செக்கச்சிவப்பு.

காய்ந்தபின்
எஞ்சின் பிசிறில்லாமல் ஓடியது.
ஆடுகள்தான் நம்பவில்லை,
தள்ளியே நின்றன.