காரணம்: மற்றவை

செம்மண்டலம், இரண்டாவது குறுக்குத் தெரு.
கம்பத்திலிருந்து எதிர்வீட்டு முருங்கையை உரசிக்கொண்டு வந்து
ஜன்னலுக்கு மேலே ஒரு துளையில் நுழைகிறது
கறுப்பு ஒயர்.
பன்னிரண்டு மாதமாக அதில் வெளிச்சம் ஓடியது என்கிறார்கள்.
நான் பார்த்தது
டிவிக்குப் பக்கத்தில் நான்கு பச்சைப் புள்ளிகள்.

'அன்புள்ள மோகனசுந்தரம்,
உங்கள் திட்டம் ஏழு நாளில் முடிகிறது.'
பிறகு மூன்று நாளில்.
பிறகு நாளை.
பெயர் அவருடையது, போன் நம்பர் என்னுடையது.
இரண்டு வருடமாகப் பணமும்
மஞ்சக்குப்பம் ஸ்கேன் சென்டரில்
அடுத்தவர் பித்தப்பைக் கற்களை
நான் டைப் அடித்துச் சம்பாதித்தது.

வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டு மணி நான்கு நிமிடம்.
ஒரு புள்ளி சிவந்தது.
மாடியிலிருந்து அப்ரீத் அலறினான்:
"அய்யோ, செத்துட்டேன்!"
விளையாட்டில்தான்.
எங்கள் பாஸ்வேர்டு அவனுக்கு எப்படித் தெரியும் என்று
அப்போதுதான் யோசித்தேன்.
எட்டு எண்கள்.
ஆவணிக் கடைசி வெள்ளி, எங்கள் கல்யாணத் தேதி.

காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள்.
தென்பக்கத்துப் பேச்சு, தூக்கம் போதாத குரல்.
"வீடு மாத்துறீங்களா மேடம்?"
இல்லை.
"ஸ்பீடு பத்தலையா?"
நல்ல ஸ்பீடு.
"வேற கம்பெனி?"
இல்லம்மா.
"ரேட்டு? நூறு ரூவா குறைக்கலாம்."
வேண்டாம்.
கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம்.
"அப்ப காரணம், மற்றவைன்னு போட்டுக்கட்டுமா?"
போட்டுக்கோ.

ஹாலில் ஷோகேஸ் மேல் ஒரு வெள்ளை உருண்டை இருக்கிறது.
போன லீவுக்கு சோஹாரிலிருந்து வந்தபோது
அவரே மாட்டியது.
திருட்டு பயமாம்.
நான் நடந்தால் 'ர்ர்ர்' என்று கழுத்தைத் திருப்பும்.
பத்தரைக்கு ஏன் லைட் எரிஞ்சுது?
கேஸ்காரன் ஏன் தண்ணி குடிச்சான்?
சாப்பிடும்போது தனியா சிரிச்சியே, என்ன?
பிளக்கைப் பிடுங்கினால் இரண்டாவது நிமிடம் போன் வரும்.
துண்டு போட்டு மூடிப் பார்த்த அன்று
என் அம்மாவுக்கே போன் போனது.

நானாக எதையும் அறுக்கவில்லை.
ஒரு தேதியை வரவிட்டேன், அவ்வளவுதான்.

அன்று இரவு அது இடது பக்கம் ஒரு தடவை திரும்பியது,
வலது பக்கம் ஒரு தடவை.
'இணைப்பு இல்லை' என்று யாரோ ஒரு சீமாட்டி குரலில் சொன்னது.
பிறகு அரிசிமண்டி காலண்டரைப் பார்த்தபடி
நின்றுவிட்டது.
நான் சோறு போட்டுக்கொண்டு வந்து
ஹால் நடுவில் உட்கார்ந்தேன்.
நள்ளிரவுக்கு மேல் மோர் சோறு.
சிரிப்பு வரவில்லை. விக்கல் வந்தது.

"நெட்டு என்ன ஆச்சு?"
முடிஞ்சிடுச்சு.
"புதுப்பிக்க வேண்டியதுதானே?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"கேக்குதா? ஹலோ, கேக்குதா?"
நன்றாகவே கேட்டது.

செவ்வாய்க்கிழமை மோடத்தை எடுத்துப் போக
ரட்சகநாதன் என்று ஒருவர் வந்தார்.
ஒயரை உருவத் தனி சார்ஜாம்.
இருக்கட்டும் என்றேன்.
கிளிப்பைக் கழற்றியதும் அது துளைக்குள் சற்றுப் பின்வாங்கி
வெளியே தொங்கியது.
டிவி பக்கத்தில்
தூசி படாத ஒரு சதுரம்.
சாயங்காலம் அந்தத் துளை வழியாக
பென்சில் பருமனுக்குத் தேவனாம்பட்டினத்துக் காற்று வந்தது,
பின்னாலேயே எறும்பும்.

ஏழு மணிக்கு அப்ரீத் இறங்கி வந்தான்.
செருப்பில்லாமல், போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.
"அக்கா, பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா?"
இல்லடா. லைனே இல்லை.
"அப்ப ஒண்ணு நாலு பூஜ்யம் ஒம்போது
ரெண்டு பூஜ்யம் ஒண்ணு ரெண்டு?"
வேணாம். மறந்துடு.

தலையாட்டிவிட்டுப் படி ஏறினான்.
ஏறும்போதும்
ஒண்ணு நாலு பூஜ்யம் ஒம்போது என்று
வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போனான்.