மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு

தொம்லூர் மேம்பாலத்தின் சத்தம் ஏறிவரும்
நாலாம் மாடியில் எனக்கொரு வேலை:
நம்மூர் மார்க்கை வெளிநாட்டு மார்க்காக மாற்றித் தருவது.
டீ கொண்டுவரும் மாதேஷ்
என்னைச் 'சில்லறை சார்' என்பார்.

ஜெர்மனியில் ஒன்றுதான் உச்சம்.
ஐந்து வாங்கினால் தோல்வி.
நேற்று ஒரு தகப்பனார் ஃபோனில் கொதித்தார்:
"தொண்ணூற்றாறு எடுத்த பிள்ளைக்கு
ஒன்று புள்ளி இரண்டா?"
சந்தோஷப்படுங்கள் ஐயா என்றேன்.
நம்பவில்லை. ரசீது நம்பரைக் கேட்டார்.

பிரான்சில் இருபதுக்குப் பதினாறு எடுத்தால்
ஊரே திரும்பிப் பார்க்குமாம்.
இங்கிலாந்தில் எழுபதைத் தொட்டால் முதல் வகுப்பு.
எங்கள் வீட்டில் எழுபதுக்கு ஒரே கேள்விதான்:
மீதி முப்பதை எங்கே வைத்துவிட்டு வந்தாய்?

சூத்திரம் ஒன்றும் பெரிய வித்தையில்லை.
உச்சத்திலிருந்து நீ எடுத்ததைக் கழி.
உச்சத்திலிருந்து பாஸ் மார்க்கைக் கழி.
முன்னதைப் பின்னதால் வகு.
மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு.
நான்கு வருடம், எட்டு செமஸ்டர்,
டெங்குக் காய்ச்சலோடு எழுதிய ஒரு பரீட்சை,
எல்லாம் ஒரு புள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

இன்று இரண்டு கோப்புகள்.
இரண்டிலும் அறுபத்திரண்டு புள்ளி நான்கு.

ஹர்ஷித் பாட்கர்.
அவன் கல்லூரியில் நாற்பது எடுத்தால் பாஸ்.
இரண்டு புள்ளி எட்டு.

ஃப்ளாரன்ஸ் இளவேனில்.
அவள் கல்லூரியில் ஐம்பதுக்குக் கீழே எல்லாம் அரியர்.
மூன்று புள்ளி இரண்டு.

கதவு மூன்றில் மூடுகிறது.

திரும்பவும் போட்டேன். கால்குலேட்டரை மாற்றிப் போட்டேன்.
கணக்கில் பிழையில்லை.
வேலியை உயர்த்திக் கட்டியது கல்லூரி,
தாண்டிக் குதித்தவளுக்கு அபராதம்.

கோப்பின் அடியில் மடித்த ஒரு தாள்.
பச்சை மையில் துறைத்தலைவர்:
'இவ்வாண்டு எங்கள் துறையில் இதுவே அதிகம்.
பத்தாண்டுகளாக இங்கே எவருக்கும்
அறுபத்தைந்துக்கு மேல் நாங்கள் போட்டதில்லை.'
கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருந்தார் மனுஷன்.

உச்சம் நூறு என்கிறது அட்டவணை.
அந்த நூறை யாராவது பார்த்திருக்கிறார்களா
என்று அது கேட்பதில்லை.
நூறு இருந்த இடத்தில் அறுபத்தைந்தைப் போட்டுப் பார்த்தேன்.
ஒன்று புள்ளி ஐந்து.
சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
அழித்தேன்.

என் மார்க்ஷீட் வீட்டில் இருக்கிறது,
கேஸ் புத்தகத்தோடு ஒரே கவரில்.
மூன்றாம் செமஸ்டர் கணிதம்: முப்பத்தெட்டு.
பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி.
கீழே பொடி எழுத்தில்: கருணை மதிப்பெண் இரண்டு.
திருத்தும் கூடத்தில் அன்று யாருக்கோ மனசு இளகியதோ,
வெறும் விதிதானோ, தெரியாது.
அந்த இரண்டில்தான் இந்த நாற்காலி.
பதினேழு நாட்டு அட்டவணைகளிலும் தேடியிருக்கிறேன்,
கருணைக்கு இணையான எண்
எதிலும் கொடுக்கப்படவில்லை.

மூன்று புள்ளி இரண்டையே பதிந்தேன்.
குறிப்புக்கென்று ஒரு கட்டம் உண்டு,
இருநூறு எழுத்துக்கு மேல் வாங்காது.
பெரும்பாலும் காலியாகவே போகும்.
அறுபத்தைந்தை எழுதினேன். பத்தாண்டை எழுதினேன்.
துறையில் முதலிடம் என்பதை
எழுத்து எழுத்தாக எண்ணி அடக்கினேன்.
முனிச்சிலோ ஆகனிலோ ஒருவர்
அவ்வளவு கீழே கண்ணை இறக்குவாரா?

முத்திரை குத்தும்போது
மை கொஞ்சம் அதிகமாகிவிட்டது.